காது வெட்டி வந்த குட்டி: டேப்பா, டாக்டரா, சும்மா விடுவதா?

2024 தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் கடலூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு கிரேட் டேன் நாய்க்குட்டி வந்தது. பத்து வாரம், பதினோரு கிலோ. காதை ஏற்கெனவே வெட்டியிருந்தார்கள். தலையில் ஒரு தெர்மாகோல் கப்பைக் கவிழ்த்து, அதன் இரண்டு பக்கமும் காதுகளை நிமிர்த்தி ஒட்டியிருந்தது. வெட்டின ஓரத்தில் கறுப்பாகப் பொருக்கு. கதவைத் திறந்த என் மகள் கேட்ட முதல் கேள்வி, "ஏம்பா இது தலையில டீ கப் வெச்சிருக்கு?"

பெயர் வைத்ததும் அவள்தான். கர்ணன். கர்ணம் என்றால் காது என்று அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்தவன் பெயர், காது அறுபட்ட நாய்க்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

அதே ஈத்தில் பிறந்த இன்னொரு குட்டியைப் புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கும் என் மைத்துனன் வாங்கினான். மூன்றாவது குட்டி அவனுடைய நண்பர் வீட்டுக்கு அரியாங்குப்பம் போனது. மூன்றுக்கும் ஒரே ஆள், ஒரே நாளில் காது வெட்டியது. அதற்கப்புறம் மூன்றும் மூன்று வழியில் போய்விட்டன. வெட்டிய காது நிமிர்ந்து நிற்பதற்காக நான் வீட்டிலேயே டேப் சுற்றினேன். மைத்துனன் வாராவாரம் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனான். அரியாங்குப்பத்துக்காரர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, "அது இஷ்டத்துக்கு இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

இப்போது குட்டி வாங்குகிறவர்கள் என்னிடம் "எதுண்ணே நல்லது?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: குட்டிக்கு இப்ப எத்தனை வாரம்? அது தெரியாமல் பதில் சொல்ல முடியாது. மூன்று மாதக் குட்டிக்குச் சரியாக இருப்பது ஏழு மாதக் குட்டிக்கு வீண் வேலை.

இன்னும் வாங்கவில்லை என்றால் கதை வேறு. காது வெட்டாத குட்டியைக் கேட்டு வாங்குங்கள். "ஏழு வாரம் ஆகட்டும் சார், வெட்டிக் குடுத்துடுறேன்" என்று ப்ரீடர் சொன்னால், வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, விலங்குகளின் உடலைச் சிதைப்பதைக் கொடுமை என்றே சொல்கிறது. அழகுக்காகக் காதையும் வாலையும் வெட்டாதீர்கள் என்று இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலும் 2011-ல் மருத்துவர்களுக்குச் சொன்னது. அதனால் பல டாக்டர்கள் இதைத் தொடுவதில்லை. அப்படியானால் யார் வெட்டுகிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள், மயக்க மருந்து உண்டா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். என் குட்டி விஷயத்தில் இந்தக் கேள்வியை நான் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்கவில்லை. தப்பு என்னுடையது.

கிரேட் டேனை ஒரு காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கு வைத்திருந்தார்கள். பன்றி காதைக் கிழித்துவிடும் என்று முதலிலேயே வெட்டினார்கள். நாம் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வாக்கிங் கூட்டிப் போகிறோம், பன்றி வேட்டைக்கு இல்லை. இங்கிலாந்தில் காது வெட்டிய நாய்களைக் கண்காட்சியில் சேர்ப்பதை அங்குள்ள கென்னல் கிளப் 1898-லேயே நிறுத்திவிட்டது. டேனும் டோபர்மேனும் உருவான ஜெர்மனியில் 1987 முதல் வெட்டவே தடை. காதை வெட்டினால் சீழ் பிடிக்காது என்று சொல்கிறார்களே என்றால், இயற்கையாகவே காது நிமிர்ந்து நிற்கும் ஜெர்மன் ஷெப்பர்டைக் காதுப் புண்ணோடு எத்தனை பேர் டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அலர்ஜிதான் அடிப்படை. என் அப்பா வைத்திருந்த ராஜபாளையத்துக்குக் கடைசிவரை காது மடிந்தே தொங்கியது. 2005-ல் தபால்தலையில் வந்த இனம் அது, அழகில் என்ன குறை கண்டோம்?

சரி, வெட்டியாகிவிட்டது, குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இனி என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வெட்டு வாய் இழுக்கும்

எந்த வழியைப் பிடித்தாலும் இந்த ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். காது நிற்பது குருத்தெலும்பின் பலத்தில். குட்டிக்கு அது இன்னும் அப்பளம் மாதிரி இளசாக இருக்கும், வளர வளரத்தான் விறைக்கும். இன்னொரு பக்கம், வெட்டின ஓரம் ஆறும்போது தழும்பு சுருங்கும். சுருங்கும்போது காதைத் தன் பக்கம் இழுக்கும். நுனி உள்ளே சுருளும், அல்லது காது தலை மேல் மடிந்து விழும். நான் ஏசி மெக்கானிக். வளைக்கும்போது ஒரு தடவை மடங்கிவிட்ட காப்பர் பைப்பை எப்படி நிமிர்த்தினாலும் அந்த இடம் காட்டிக் கொடுக்கும். காதும் அப்படித்தான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடிந்தால் அங்கே மடிப்பு நின்றுவிடும்.

டேப் சுற்றுவதன் வேலை இரண்டு. ஓரம் சுருங்கும் வாரங்களில் அதை நீட்டிப் பிடிப்பது ஒன்று, குருத்தெலும்பு விறைக்கும்வரை காதை மடியாமல் தாங்குவது இன்னொன்று. முதல் வேலை சில வாரத்தில் முடிந்துவிடும். இரண்டாவதுதான் மாதக் கணக்கில் இழுக்கும். வெட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு காலம். காதைக் குட்டையாக வெட்டிய நாய்க்குச் சீக்கிரம் நின்றுவிடும். கண்காட்சி ஸ்டைலில் நீளமாக வெட்டிய டேனுக்கு ஒரு வருடம் வரை சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தையல் பிரிப்பதற்கு முன்னால் மட்டும் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். பத்திலிருந்து பதினாலு நாளில் பிரிப்பார்கள். அதுவரைக்கும், பொருக்கு உதிர்ந்து ஓரம் முழுசாக மூடும்வரைக்கும், டாக்டர் கை மட்டும்தான். இதில் ஒப்பீடே கிடையாது.

வீட்டிலேயே சுற்றுவது

இதைப் பற்றி நிறையச் சொல்வேன். நான் செய்தது இது, கெடுத்ததும் இதுவே.

காதுக்குள் வைக்கும் முட்டுக்குப் பலர் பல பொருள் சொல்வார்கள். பஞ்சை உருட்டி டேப் சுற்றியது, பேப்பர் சுருள், ஸ்பாஞ்ச். என் பையில் எப்போதும் கிடப்பது காப்பர் பைப் மேல் போடும் கறுப்பு இன்சுலேஷன் ஸ்லீவ். லேசாக இருக்கும், வளையும், தண்ணீரைக் குடிக்காது. காதின் நீளத்துக்கு வெட்டி, அடி முனையில் குத்தாமல் இருக்கக் கொஞ்சம் பஞ்சு வைத்து, பசை வெளியே பார்க்கிற மாதிரி பிளாஸ்டரை அதன் மேல் சுற்றினால் முட்டு தயார். அதன் அடி காதின் கிண்ணத்தில் உட்கார வேண்டும், துளையை அடைக்கக் கூடாது. நாயின் காதுத் துளை கீழே இறங்கி உள்ளே திரும்பும், ஆங்கில எல் எழுத்து மாதிரி. வாயை அடைத்தால் உள்ளே காற்றே போகாது.

பிறகு காதை நேராக மேலே இழுத்து முட்டின் மேல் ஒட்டி, அடியில் ஒரு சுற்று, நடுவில் ஒரு சுற்று. தோலைத் தொடும் முதல் சுற்று மைக்ரோபோர் என்ற மெல்லிய காகித டேப். அதற்கு மேல்தான் துணி பிளாஸ்டர். சுற்றும்போது இழுத்துக் கட்டவே கூடாது. நுனியை எப்போதும் வெளியே விட வேண்டும். நுனி வீங்கினாலோ தொட்டால் சில்லென்று இருந்தாலோ ரத்தம் போகவில்லை என்று அர்த்தம், அந்த நிமிடமே பிரிக்க வேண்டும். கடைசியில் இரண்டு காதுக்கும் நடுவே ஒரு பாலம் போட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று தாங்கும்.

என் தொழில் புத்தி, முதல் நாள் கை தானாக எலெக்ட்ரிக்கல் டேப்பை எடுத்தது. மனைவி கையைத் தட்டிவிட்டாள். பசைக்கு ஃபெவிக்விக் என்று யாராவது யோசனை சொன்னால் அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

சுற்றும் பத்து நிமிடமும் குட்டி சும்மா இருக்க வேண்டுமே? அதற்கு எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு, ஒரு தட்டில் தடவிய கெட்டித் தயிர். என் மனைவி தட்டைப் பிடிப்பாள், அவன் நக்குவான், நான் சுற்றுவேன். தட்டு காலியாவதற்குள் முடிக்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றுவது? வெளியூர்க்காரர்கள் ஒரு வாரம் என்பார்கள். கடலோரத்தில் ஒரு வாரம் அதிகம். இந்த ஊரில் ஏசியின் வெளி யூனிட்டே உப்புக் காற்றில் சீக்கிரம் துருவேறிவிடும், டேப்புக்கு அடியில் வேர்த்துக் கிடக்கும் தோல் எப்படித் தாங்கும்? நாலு நாள், மிஞ்சினால் ஐந்து. மாற்றும் நாளில் ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டால் பசை இளகும், முடி பிய்யாது. எண்ணெயைத் துடைத்துவிட்டு, அன்று முழுக்கக் காதைத் திறந்து போட்டு, அடிப்பகுதியை விரலால் மெல்ல நீவிவிட்டு, மறுநாள் சுற்றலாம்.

அந்த நாலு நாள் கணக்கை நான் ஒரு தடவை தவறவிட்டேன். நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மழை. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை கரை மீறியது. கரன்ட் இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். நனைந்த யூனிட்டுகளைப் பார்க்கச் சொல்லிப் பின்னாலேயே ஊரெல்லாம் போன் வந்துகொண்டிருந்தது. நாயின் காது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஒன்பதாவது நாள் ராத்திரி அவன் தலையை வலது பக்கம் சாய்த்தபடி நின்றான். பக்கத்தில் போனேன். புளித்துப்போன இட்லி மாவு வாடை. செல்போன் டார்ச்சை மகள் பிடிக்க, எண்ணெய் போட்டுப் பிரித்தேன். டேப்போடு முடி கொத்தாக வந்தது. அடியில் தோல், ரொம்ப நேரம் துணி துவைத்த விரல் மாதிரி வெளுத்து ஊறியிருந்தது. காதின் அடியில், தலையோடு சேரும் மடிப்பில், ஒரு ரூபாய் அளவு சிவந்த புண், நடுவில் மஞ்சள் சீழ். முட்டின் அடியில் வைத்த பஞ்சு பிசுபிசுவென்று பழுப்பாக இருந்தது. தண்ணீர் குடிக்காத ஸ்லீவ் என்று பெருமைப்பட்டேனே, அது உள்ளே இருந்த ஈரத்தையும் வெளியே விடவில்லை.

அம்மா மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தார். போட விடவில்லை, அது மட்டும்தான் அன்று நான் செய்த சரியான காரியம். மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, "என்னங்க, நீங்க ஏசியை ஒன்பது நாள் சர்வீஸ் பண்ணாம விடலாம், இதை விடலாமா?" என்றார். பூஞ்சைத் தொற்று, மேலே பாக்டீரியாவும் சேர்ந்திருந்தது. கழுவும் மருந்து, சொட்டு மருந்து, இரண்டு வாரம் டேப்பே கூடாது. சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் செவிப்பறை முழுசாக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்தார். அதைப் பார்க்காமல் கடையில் வாங்கி ஊற்றுவது ஏன் ஆபத்து என்று அன்றுதான் புரிந்தது. அந்த இரண்டு வாரத்தில் வலது காது மேல்பாதியில் மடிந்தது. பிறகு எத்தனை தடவை சுற்றியும் அந்த மடிப்பு போகவில்லை.

வீட்டு டேப் செலவு குறைவு, குட்டி பயப்படாது, வேண்டும்போது பிரிக்கலாம். ஆனால் நாலு நாளைக்கு ஒரு தடவை கண்டிப்பாகப் பிரித்துப் பார்க்கும் ஆள் வீட்டில் வேண்டும். ஷிப்டு வேலைக்காரர், அடிக்கடி வெளியூர் போகிறவர் இதைத் தொட வேண்டாம் என்பேன். மோந்து பார்க்கும் பழக்கமும் வேண்டும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு சமாச்சாரம் எடை. மூன்று மாதத்தில் மடியில் போட்டுச் சுற்றினேன். நாலு மாதத்தில் இருபத்தைந்து கிலோ. ஆறரை மாதத்தில் நாற்பதைத் தாண்டி, எழுந்து நின்றால் முன்னங்கால் என் தோளில். தயிர்த் தட்டோடு தட்டைப் பிடிக்கிறவளையும் தள்ளிவிடுவான். வயது கூடக் கூட இந்த வழி கடினமாகிக்கொண்டே போகும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

டாக்டரிடம் விடுவது

மைத்துனன் வழி. இங்கே டேப்பைப் பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் காதுக்குள் ஒரு பார்வை விழுகிறது, அதுதான் பெரிய லாபம். அவன் குட்டிக்கும் புயல் வாரத்தில் லேசாகச் சிவந்தது. மூன்றாவது நாளே கண்டுபிடித்து நாலு நாள் காற்றாட விட்டுச் சரி செய்துவிட்டார்கள். அவனுடைய நாய்க்கு இன்று இரண்டு காதும் கம்பி மாதிரி நிற்கின்றன.

விலை? ஒரு தடவைக்கு முந்நூறு, நானூறு, ஆட்டோ தனி. பதினைந்து தடவைக்கு மேல் போயிருப்பான். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, டாக்டர்களுக்கும் பஞ்சமில்லை. கடலூர்ப் பக்கம் கிராமங்களில் இருப்பவர்களுக்கு அருகிலுள்ள டாக்டர் காலையிலிருந்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஓடிக்கொண்டிருப்பார். அவரிடம் போய் நாய்க் காதை நிமிர்த்திக் கொடுங்கள் என்று கேட்கவே வாய் வராது. சில டாக்டர்கள் புண் என்றால் பார்ப்பார்கள், அழகுக்கு டேப் சுற்ற மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

பணத்தைவிட எனக்குப் பயம் வேறு. பதினாறு வாரம்வரை குட்டிக்குத் தடுப்பூசி வரிசை முடிந்திருக்காது. பார்வோ என்ற தொற்றுநோய் வந்த குட்டியையும் அதே கிளினிக்குக்குத்தானே தூக்கி வருவார்கள்? வாராவாரம் அந்தத் தரையில் நம் குட்டியை நடக்கவிடுவது சின்ன விஷயமில்லை. மைத்துனன் சாமர்த்தியமாக, கூப்பிடும்வரை குட்டியை ஆட்டோவிலேயே வைத்திருந்து, மேஜைக்கு நேராகத் தூக்கிக்கொண்டு போனான். பதினைந்து கிலோவரை தூக்கலாம். அதற்குமேல் தூக்கினால் அவனுக்கு டாக்டர் தேவைப்படும்.

இன்னொன்று, அவன் நாய் இன்றைக்கும் கிளினிக் வாசலைப் பார்த்தால் நாலு காலையும் ஊன்றிக்கொள்கிறது. "மாமா, காது நின்னுச்சு, நாய் உள்ள வர மாட்டேங்குது" என்கிறான். அறுபது கிலோ நாயை யார் இழுப்பது?

சும்மா விடுவது

அரியாங்குப்பத்து நாய்க்கு இரண்டு காதும் நிற்கவில்லை. பாதி எழும்பி வெளிப்பக்கம் சாய்ந்து, காற்றில் பிரிந்த வாழை இலை மாதிரி கிடக்கின்றன. தெருவில் போகிறவர்கள் "கிராஸா?" என்று கேட்கிறார்களாம். அவர் சிரித்துக்கொண்டு ஆமாம் என்று சொல்லிவிடுகிறார்.

மூன்று நாய்களில் காதுப் புண்ணே வராதது அதற்குத்தான்.

இதைச் சோம்பேறித்தனம் என்று நானும் முதலில் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. காது நிற்பதால் நாய்க்கு ஒரு பிரயோசனமும் இல்லை, நிற்காததால் ஒரு நோயும் இல்லை. ஆசை முழுக்க நம்முடையது. அவர் செய்ததில் கவனிக்க வேண்டிய ஒன்று, வந்த அன்றே பிரித்துப் போடவில்லை. ஓரம் முழுசாக ஆறி, தழும்பின் இழுப்பு அடங்கும்வரை டாக்டர் சொன்னபடி வைத்திருந்தார், பிறகும் தினம் ஓரத்தை விரலால் நீவிவிட்டார். ஆறாத ஓரத்தோடு விட்டிருந்தால் காது சுருண்டு தலையோடு ஒட்டி, மடிப்புக்குள் அழுக்குச் சேர்ந்து, அதைச் சுத்தம் செய்வதே தனி வேலையாகியிருக்கும்.

குட்டிக்கு நாலு மாதம் தாண்டி, நீங்கள் இப்போதுதான் யோசிக்கிறீர்கள் என்றால், என் ஓட்டு இதற்குத்தான். வீட்டில் இன்னொரு நாய் இருந்தாலும் இதற்குத்தான். விளையாட்டில் ஒன்றின் காதில் வைத்த முட்டுப் பொருளை இன்னொன்று கடித்துப் பிடுங்கி விழுங்கிவிடும். ஸ்பாஞ்சும் டேப்பும் குடலில் அடைத்தால் வயிற்றைத் திறக்கும் அளவுக்குப் போகும்.

நாலாவதாக ஒரு வழி சொல்வார்கள், நிற்காத காதை மறுபடி வெட்டிக் குட்டையாக்குவது. இன்னொரு மயக்க ஊசி, இன்னொரு புண், இன்னொரு தழும்பு. கர்ணனின் வலது காதைப் பார்த்து ஒருவர் என்னிடமே சொன்னார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பல் முளைக்கும்போது வரும் பதற்றம்

நாலு மாதத்திலிருந்து ஆறு, ஏழு மாதம்வரை குட்டிக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் வரும். நேற்றுவரை நின்ற காது அந்தக் காலத்தில் திடீரென்று சாயும். கர்ணனுக்கு ஜனவரியில் ஒரு நாள் இடது காதும் விழுந்தது, எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நாய்த் தீனிக் கடையில் சொன்னால் உடனே ஒரு கால்சியம் சிரப்பை எடுத்து நீட்டுவார்கள். "காதுல பலம் இல்ல சார், கால்சியம் கம்மி."

அந்த சிரப்பை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். காதில் இருப்பது எலும்பு இல்லை, குருத்தெலும்பு. அதை நிமிர்த்தக் கால்சியம் உதவாது. பெரிய இனக் குட்டிகளுக்கு அது ஆபத்தும்கூட, ஏனென்றால் சின்ன வயதில் அவற்றின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது, கொடுத்ததில் பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். மிஞ்சினால் எலும்பு வளர்ச்சி கோணலாகி, மூட்டில் கோளாறு வரும். 1980-களில் நெதர்லாந்தில் இதைக் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். வளர்ந்தபின் 32 கிலோவைத் தாண்டும் இனங்களின் குட்டித் தீனியில் ஈரம் நீக்கிய கணக்கில் 1.8 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கூடாது என்பது அமெரிக்கத் தீவன அளவு. பெரிய இனக் குட்டிகளுக்கான தீனிப் பையில் தேவையானது ஏற்கெனவே இருக்கிறது. சிரப் அதற்கு மேல் போய் விழும். காதுக்கு ஆசைப்பட்டுக் காலைக் கெடுத்த கதையாகிவிடும்.

ஆட்டுக்கால் சூப் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டார். எலும்பில்லாமல், வெங்காயம், பூண்டு, உப்பு, காரம் போடாமல் கொஞ்சம் ஊற்றினால் குட்டிக்குச் சந்தோஷம். காதுக்கு ஒன்றும் ஆகாது.

பல் முளைத்து முடிந்ததும் விழுந்த காது பெரும்பாலும் தானாகவே எழும். கர்ணனின் இடது காது பிப்ரவரி கடைசியில் எழுந்தது. அந்த இடைவெளியில் லேசாக முட்டு கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். மைத்துனன் கொடுத்தான், நான் பாதி நாள் கொடுத்தேன். இடது காதைப் பொறுத்தவரை இருவருக்கும் வித்தியாசமில்லை.

எப்போது நிறுத்துவது என்பதை ஆரம்பத்திலேயே காலண்டரில் குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்" என்றே ஒரு வருடம் ஓடிவிடும். நான் மார்ச் நடுவில் நிறுத்தினேன், அப்போது கர்ணனுக்கு வயது ஏழு மாதம். டோபர்மேனோ நீள வெட்டோ என்றால் இன்னும் இரண்டு மாதம் தாருங்கள். அதற்குமேல் சுற்றினால் புண்தான் மிச்சம் என்பது என் எண்ணம்.

இப்போது வேறு விதமான பாடு. வெட்டிய காதுக்கு மூடி கிடையாது. குளிப்பாட்டும்போது தண்ணீர் நேரே உள்ளே போகும், அதனால் துளையில் பஞ்சு வைத்து ஊற்றி, முடிந்ததும் மறக்காமல் எடுக்க வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அவன் மணலைத் தோண்டினால் பாதி மணல் காதுக்குள். அன்று ராத்திரி ஈரத் துணியைப் பிழிந்து, விரல் போகும் ஆழம்வரை மட்டும் துடைத்துவிடுவேன். பட்ஸ் குச்சி கூடாது. நுனியில் முடி மெல்லிசு, ஈ கடித்துப் பொருக்குத் தட்டும். மீன் காய்கிற காலத்தில் எங்கள் பக்கம் ஈ அதிகம், அந்த வாரங்களில் பகலில் வீட்டுக்குள்தான் படுக்கை. காது மடிப்பில் உண்ணி ஒளிந்திருக்கிறதா என்று வாரம் இரண்டு தடவை தடவிப் பார்க்கிறேன். இதெல்லாம் அரியாங்குப்பத்து நாய்க்கும் உண்டு, முதலியார்பேட்டை நாய்க்கும் உண்டு.

வலது காது மடிந்தபடியே இருக்கிறது. சாயங்காலம் கடல் காற்று எழும்போது ஒரு நிமிடம் நிமிர்ந்து நிற்கும், காற்று அடங்கினால் மறுபடி சாயும். முட்டுக்கு வெட்டியது போக மிச்சமிருந்த ஸ்லீவை போன மாதம் வண்டிப்பாளையத்தில் ஒரு வீட்டு ஏசிக்குப் போட்டுவிட்டேன்.